குடிக்காத மனிதருக்காக எடுத்த பால்குடம்

மகனே,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதித்தான் எனக்குக் கை பழக்கம். இந்தத் தடவை அப்படித் தொடங்க மனசு வரவில்லை. நான் நலமாக இல்லை. நீயும் நலமாக இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளைக்குத் தாய் எழுதும் கடிதத்தில் இருக்க வேண்டிய இனிப்பு இதில் இருக்காது. கோலாலம்பூரில் உன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து படி. பாதியில் மடித்துப் பைக்குள் வைத்துவிடாதே, அது உனக்குப் பழக்கம்.

நிச்சயதார்த்தத்தன்று நடந்ததைத்தான் முதலில் சொல்ல வேண்டும். டன்லப் ஸ்திரீட்டில் புவனா வீட்டு மாடியில் தட்டு மாற்றி முடித்து, எல்லாரும் கீழே சாப்பிட இறங்கினோம். அந்த மரப்படியில் நீ இறங்கும்போது கால் தடுமாறிச் சுவரைப் பிடித்தாய். புவனாவின் அப்பா உன் தோளைத் தாங்கினார். நீ ஏதோ சொன்னாய், நாக்கு கொஞ்சம் குழறியது. அவர் உன் வாய்ப்பக்கம் முகத்தைக் கொண்டுவந்து மோந்து பார்த்ததை நான் பார்த்தேன். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "என்ன மாப்பிள்ளை, கூட்டாளிங்க ஊத்திக் கொடுத்துட்டாங்களா?" நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஆமா மாமா, ரெண்டே ரெண்டு பீர்தான் லா." கூடத்தில் இருந்த ஆம்பிளைகள் எல்லாரும் சிரித்தார்கள். நீயும் வாய்விட்டுச் சிரித்தாய். அப்போதுதான் உன் பல்லைப் பார்த்தேன். ஈறு வீங்கி, முன்பல்லில் பாதிவரை இறங்கியிருந்தது. உன் அப்பாவின் வாய் அப்படித்தான் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் மாடிப்படி உச்சியில் புது சேலையில் புவனா நிற்கிறாள். அவள் சிரிக்கவில்லை. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ வருஷம் அதை நான் வைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் நம் தோ பாயோ வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் உன்னை நிறுத்திக் கேட்டேன். முதலில் மழுப்பினாய். பிறகு, படிக்கிற காலத்திலேயே வலிப்பு வந்தது என்றும், அப்பாவுக்கு மட்டும் தெரியும் என்றும், அவர் சாப்பிட்ட அதே மாத்திரையைத்தான் நீயும் சாப்பிடுகிறாய் என்றும் சொன்னாய். கூட்டத்தில் வலிப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் அன்றைக்கு ஒன்று கூடுதலாகப் போட்டுக்கொண்டாயாம். நீ என் கையைப் பிடித்தாய். "கல்யாணம் முடியட்டும்மா, அப்புறம் நானே சொல்லிக்கிறேன். அவங்க கேட்டா பீர்னே சொல்லிடுங்க." இவ்வளவுதான் சொன்னாய். சொல்லிவிட்டு ரயிலுக்கு நேரமாகிறது என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் அப்பாவும் நீயும் சேர்ந்து எனக்குச் செய்ததை நான் இதுவரை உன்னிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. மன்னித்துவிட்டேன் என்று நீ நினைத்திருக்கலாம். இல்லை. செம்பவாங் குவார்ட்டர்ஸில் நாம் இருந்த காலத்தை நினைத்துப் பார். கப்பல் பட்டறையில் அவருக்குச் சாரம் கட்டுகிற வேலை. காலையில் கம்பு மாதிரி நேராக நடந்து போவார். வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டு எழுந்தால் கால் பின்னும். பேச்சு இழுக்கும். கண் ஒரு இடத்தில் நிற்காது. வரிசை வீடுகளில் யாருக்கும் சந்தேகமே இல்லை, கள்ளுக்கடையும் சம்சுச் சாராயமும் அவரைப் பிடித்துக்கொண்டன என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். நாற்றமே இல்லையே என்று ஒரு நாள் கேட்டதற்கு, பக்கத்து வீட்டுக்காரி, வெற்றிலையும் கிராம்பும் போட்டு மறைக்கிறார் என்று எனக்குப் பாடம் சொன்னாள். ஒரு விடிகாலையில் நாக்கைக் கடித்துக்கொண்டு, படுக்கையை நனைத்துவிட்டு, பேந்தப் பேந்த விழித்தார். குடித்தவன் புத்தி என்று திட்டிக்கொண்டே பாயைத் துவைத்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை, பார்த்துக்கொள். ஒரு வார்த்தை.

நல்ல நாள் வந்தால்தான் கூத்து. தீபாவளி, யாராவது வீட்டுக் கல்யாணம், உன் பள்ளிக்கூட விழா, எங்கே பத்துப் பேர் கூடுகிறார்களோ அங்கே அவர் வழக்கத்தைவிட அதிகமாகத் தள்ளாடுவார். என்னை அவமானப்படுத்தவே இப்படிச் செய்கிறார் என்று எனக்குள் ஒரு எண்ணம் வேரோடிப்போனது. ஒரு தீபாவளிக்கு உன் மாமா, என் அண்ணன், பொறுக்க முடியாமல் அவரைச் சட்டையைப் பிடித்துச் சிராங்கூன் ரோடு காளி கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். அண்ணனின் மாவு மில்லில் வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர் கூட வந்தார்கள், ஓடிவிடாமல் பிடித்துக்கொள்ள. கற்பூரம் ஏற்றி, இனிமேல் தொட மாட்டேன் என்று அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். உன் அப்பா கையை நீட்டினார். கற்பூரத்தை அடித்தார். அந்தச் சத்தியத்தைச் சாகும்வரை அவர் மீறவில்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அடுத்த பொங்கலுக்கே அவர் மறுபடி தள்ளாடினார் என்பதுதான். காளியிடம் சத்தியம் செய்துவிட்டு மீறுகிற மனிதன் வீட்டில் என்ன ஆகுமோ என்று நான் நடுங்கிப்போனேன். உன் உயிருக்குத்தான் பயந்தேன்.

அதற்காகத்தானே பால்குடம் நேர்ந்துகொண்டேன். தைப்பூசத்துக்குத் தைப்பூசம், சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடுவரை, தார் ரோடு காலைச் சுட, தலையில் குடத்தோடு நடந்தேன். முருகா, அவர் குடியை நிறுத்து என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனேன். என் பக்கத்தில் நீ நடந்து வந்தாய். கையில் செம்பு வைத்துக்கொண்டு என் காலில் தண்ணீர் ஊற்றினாய். ஆர்ச்சர்ட் ரோடு திருப்பத்தில் எனக்குத் தலை சுற்றியபோது, "இன்னும் கொஞ்ச தூரம்தான்மா" என்றாய். உனக்கு அப்போது எல்லாம் தெரியும். முடிவெட்டப் போகிறோம் என்று சொல்லிவிட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு அவர் டவுனுக்குப் போனது மாத்திரை வாங்கத்தான். பட்டறை டிஸ்பென்சரியில் வாங்கினால் வேலைக்கு ஆபத்து என்று, இங்கிலீஷ் தெரிந்த நீ வெளிக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்தாய். அவர் குடிக்கவில்லை என்று தெரிந்த பிள்ளை, அவர் குடியை நிறுத்தச் சொல்லி நடக்கிற அம்மாவின் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறாய். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கால் எரிகிறது.

ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். ஒரு மத்தியானம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து, மண்டையில் அடிபட்டு அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நீ அப்போது பெரிய வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாய், பள்ளிக்கூடச் சட்டையோடு ஓடி வந்தாய். டாக்டர் இளம் பையன், சீனர், தமிழ் வராது. அவர் டார்ச் அடித்து உன் அப்பாவின் ஈறைக் காட்டினார். விரலை முகத்துக்கு முன்னால் இப்படியும் அப்படியும் ஆட்டிக் கண்ணைப் பார்த்தார். அப்பாவின் சட்டைப் பையில் இருந்த மாத்திரைப் புட்டியை எடுத்துக் குலுக்கினார். என் முகத்தைப் பார்த்துப் பார்த்து நிதானமாக, நிறையப் பேசினார். எனக்குத்தான் சொல்கிறார் என்பது புரிந்தது, என்ன சொல்கிறார் என்பதுதான் புரியவில்லை. உன்னைப் பார்த்தேன். நீ ஒரே வரியில் முடித்துவிட்டாய். "குடியை விடலன்னா ஈரல் கெட்டுப்போயிடும்னு சொல்றாரும்மா." அவர் அவ்வளவு நேரம் பேசியதற்கு இவ்வளவுதானா என்று ஒரு கணம் தோன்றியது. பெற்ற பிள்ளை சொல்வதைச் சந்தேகப்படுவதா என்று அந்த நினைப்பை நானே தள்ளிவிட்டேன். டாக்டருக்குத் தலையை ஆட்டினேன், கையெடுத்துக் கும்பிட்டேன்.

டாக்டர் போனபிறகு வார்டில் மருந்து கொடுக்க மலாய் நர்ஸ் மிஸ்ஸி வந்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சந்தையில் பழகிய பாசார் மலாயில் அவளிடம் புலம்பினேன். இந்த மனுஷனின் குடியால் என் வாழ்க்கையே போச்சு என்றேன். அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். "புக்கான் மாபொக், மக்சிக்," என்றாள். குடிபோதை இல்லையம்மா. வலிப்புக்குச் சாப்பிடுகிற மருந்து அளவு கூடிப்போனால் இப்படித்தான் கால் தள்ளாடும், நாக்கு குழறும், நாள்பட்டால் ஈறு வளரும், குடித்தவனைப் போலவே இருக்கும், டாக்டர் இதைத்தானே உன்னிடம் சொன்னார் என்று கேட்டாள். நான் வெளியே வந்தேன். நீ வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். கோபப்படாமல், சாதாரணமாகத்தான் உன்னிடம் மறுபடி கேட்டேன், டாக்டர் என்ன சொன்னார் என்று. உனக்கு ஒரு வழி விட்டுக் கொடுத்தேன், மகனே. நீ என் கண்ணைப் பார்த்து மறுபடியும் குடி, ஈரல் என்றாய். முதல் பொய்யை அப்பாவுக்காகச் சொன்னாய் என்று வைத்துக்கொண்டாலும், அந்த இரண்டாவது பொய் என் நெஞ்சை விட்டு இறங்கவே இல்லை.

உன் அப்பாவிடம் கேட்டபோது அவர் அழுதார். சின்ன வயதிலிருந்தே உண்டாம். எனக்குத் தாலி கட்டும்போது அவர் வீட்டில் எல்லாருக்கும் தெரியுமாம். வலிப்பு என்று பட்டறையில் தெரிந்தால் சாரத்தில் ஏற விடமாட்டார்கள், வேலை போகும், குவார்ட்டர்ஸும் போகும். மாத்திரையைப் பகலில் சாப்பிட்டால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று, ஒரு நாளுக்கு உண்டானதை மொத்தமாகச் சாயங்காலம் விழுங்கியிருக்கிறார். நல்ல நாள் என்றால் நாலு பேர் முன்னால் விழக்கூடாதே என்று கூட ஒன்று. அதுதான் அந்தக் கூத்து. நான் கேட்டேன், பட்டறைக்காரனுக்குப் பயந்தீர்கள் சரி, எனக்கு ஏன் பயந்தீர்கள் என்று. அவர் சொன்னதை உனக்கு அப்படியே எழுதுகிறேன். "குடிகாரன் பொண்டாட்டின்னா பாவம்னு சொல்லுவாங்க. வலிப்புக்காரன் பொண்டாட்டின்னா கிட்டவே வரமாட்டாங்க. பையனுக்குப் பொண்ணும் குடுக்க மாட்டாங்க." எனக்காகத்தானாம். என்னைக் கேட்டுவிட்டா எனக்காகச் செய்தார்? வலிப்பு வருகிற புருஷனோடு நான் குடும்பம் நடத்தியிருப்பேன். இல்லாத குடிக்கு என்னைக் காவல் வைத்தது எந்த ஊர் நியாயம்?

அதற்குப் பிறகு மாத்திரை என் கைக்கு வந்தது. காலை, சாயங்காலம் என்று பிரித்து, டாக்டர் சொன்ன அளவில் நானே கொடுத்தேன். அவர் சாயங்காலத்திலும் நேராக நடந்தார். உடனே ஊர் என்ன சொன்னது தெரியுமா? பால்குடம் பலித்துவிட்டது, குடியை விட்டுவிட்டார் என்றது. உன் மாமா தன் கற்பூரம்தான் வேலை செய்தது என்று மில்லுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டார். உன் அப்பாவின் வேலைக்காக நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவர் போனபோது, சாவு வீட்டில், கடைசி காலத்தில் திருந்தின மனுஷன் என்று தலைமாட்டில் நின்று பேசினார்கள். நீ கேட்டுக்கொண்டு நின்றாய். நானும்தான். திருந்துவதற்கு அவரிடம் ஒன்றுமே இல்லை என்று கத்த வேண்டும்போல இருந்தது எனக்கு.

மருந்துப் படிப்பு படித்தபோது ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் நீ எனக்கு விளக்கினாய். நம் நரம்புக்குள் உப்பு பாய்கிற சின்னச் சின்ன வாசல்கள் உண்டு, சோடியம் என்று அந்த உப்புக்குப் பேர் சொன்னாய். வலிப்பு வரும்போது அந்த வாசல்கள் ஓயாமல் திறந்து திறந்து மூளை கொந்தளிக்கிறது, மாத்திரை போய் அவற்றைக் கொஞ்சம் அடைத்துப் பிடிக்கிறது என்றாய். பல் டாக்டர் போடுகிற மரத்துப்போகும் ஊசியும் அந்த வாசலைத்தான் அடைக்கிறதாம். செம்பவாங் கடலில் வலையில் விழுந்தால் மலாய்க்காரர்கள் தூக்கி எறிகிற பேத்தை மீன் இருக்கிறதே, அதன் விஷமும் அதே வாசலை அடைத்து மூச்சையே நிறுத்திவிடுமாம். எல்லாம் அளவில்தான் இருக்கிறது அம்மா என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது, என் பிள்ளை எவ்வளவு படித்துவிட்டான் என்று. இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அந்த நாளிலேயே உன் சட்டைப் பையில் அந்த மாத்திரை இருந்திருக்கிறது. என் கையால் பரிமாறிய சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே, யாருடைய நரம்பைப் பற்றியோ பேசுவதுபோல எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறாய். பல்லுக்கு ஊசி போட்டால் வாய் மட்டும்தான் மரத்துப்போகிறது. நீங்கள் இரண்டு பேரும் என்னை முழுசாக மரத்துப்போக வைத்திருந்தீர்கள்.

ஊருக்கெல்லாம் மருந்து அளந்து கொடுக்கிறவனுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது, கேட்டுக்கொள். நல்ல நாளுக்கென்று கூடுதலாகப் போடாதே. கல்யாண மேடையில் விழுந்தால் விழு, தூக்க ஆள் இருக்கிறோம். வேளை தவறாமல் சாப்பிடு. ஈறை நன்றாகத் தேய்த்துப் பல் துலக்கு, ஒளிப்பதற்காக வாயை மூடிச் சிரித்துப் பழகாதே. உன் அப்பா அப்படித்தான் பழகினார், கடைசியில் சிரிப்பதையே விட்டுவிட்டார். வலிப்பு வரும்போது கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம் என்று கூட இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவை, அதனால் ஒன்றும் ஆகாது, ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும் என்று அந்த மிஸ்ஸி எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவரை அப்படி இரண்டு மூன்று தடவை நானே பார்த்துக்கொண்டேன். ஒன்றும் பயமாக இல்லை. தெரிந்து செய்கிற காரியத்தில் எனக்குப் பயமே வரவில்லை.

நேற்று பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குப் போய்ப் புவனாவைப் பார்த்தேன். பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். தேக்கா மார்க்கெட் பக்கத்தில் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் அப்பாவின் கதையை, பால்குடத்தை, ஆஸ்பத்திரியை, உன் மாத்திரையை. நீ இதைத் துரோகம் என்பாய். சொல்லிக்கொள். உன் வாயைத் திறக்கவைக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை, அவள் அந்தப் படியில் என் முகத்தோடு நிற்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் தாம்பூலத் தட்டைத் தூக்க முடியாது.

அவள் அழவில்லை. டீயைக் குடித்துக் கிளாஸைத் தள்ளி வைத்தாள். பிறகு, வலிப்பு வந்தால் தான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். சொன்னேன். காப்பிக்கடை மேசையில் என் கையை ஒருக்களித்து வைத்து, எப்படிப் படுக்கவைப்பது என்று செய்தும் காட்டினேன். அடுத்து, நீ ஏன் பீர் என்று சொன்னாய் என்று கேட்டாள். அந்த ஆஸ்பத்திரி நாளிலிருந்து நானும் தேடுகிற பதில் அது. வீட்டில் இப்போதைக்குச் சொல்லப்போவதில்லை என்றாள். "அவரே என்கிட்ட சொல்லட்டும் அத்தை. சனிக்கிழமை வர்றாருல்ல, கேக்குறேன். மறுபடியும் பீர்னு சொன்னாருன்னா எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். வலிப்புக்காக இல்ல." இதை நான் அவனுக்கு எழுதிவிடுவேனே என்றேன். எழுதுங்கள் என்றாள். "எனக்கு எல்லாம் தெரியும்னு தெரிஞ்ச பிறகும் பொய் சொல்றாரான்னு பாக்குறேன்" என்றாள். எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஆக, சனிக்கிழமை நீ ரயிலிலிருந்து இறங்கினால் தோ பாயோவுக்கு வர வேண்டாம். நேராக டன்லப் ஸ்திரீட்டுக்குப் போ. நான் வரமாட்டேன், எனக்காக நீ யாருக்கும் எதையும் மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை, உனக்காக நானும் சொல்லப்போவதில்லை. அவள் உன்னை அந்த மாடிப்படியில் நிறுத்தி, அன்றைக்கு நீங்கள் என்ன குடித்தீர்கள் என்று கேட்பாள்.

தண்ணீர் என்று சொல். மாத்திரை விழுங்கத் தண்ணீர் குடித்தேன் என்று சொல்.

அம்மா